ஹெலன் அல்லிங்ஹாம்: நீர்வண்ணத்தால் குடும்பம் நடத்தியவர்

லண்டனின் ராயல் நீர்வண்ண ஓவியர் சங்கம் 1890ஆம் ஆண்டில் ஹெலன் அல்லிங்ஹாமைத் தன் முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1804இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கத்தில் ஒரு பெண்ணுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான் அவருடைய கணவர் வில்லியம் அல்லிங்ஹாம் இறந்திருந்தார். வீட்டில் மூன்று பிள்ளைகள். மூவரில் யாரும் பதினைந்து வயதைத் தாண்டியிருக்கவில்லை. கணவர் ஊரறிந்த கவிஞர் என்றாலும் கவிதையால் வந்த வருமானம் சொற்பம். ஏறத்தாழ பத்தாண்டுகளாக அந்த வீட்டின் செலவில் பெரும்பகுதியை ஹெலனின் தூரிகைதான் தாங்கி வந்தது. அவர் பெயரைக் கேட்டதும் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது நாட்காட்டிகளிலும் பிஸ்கட் டின்களிலும் காணப்படும் பூந்தோட்ட வீட்டுப் படங்கள்தாம். அவற்றுக்குப் பின்னால் கணக்குப் பார்த்து உழைத்த ஒரு தொழில்முறை ஓவியர் இருந்தார் என்பது அந்த இனிமையில் மறைந்துபோய்விடுகிறது.

அந்தச் சங்கத்தின் கண்காட்சிகளில் பெண்களின் படங்கள் அதற்கு முன்பும் இடம்பெற்றதுண்டு. படத்தை மாட்டலாம், விற்கலாம். ஆனால் நிர்வாகத்தில் பங்கில்லை. ஹெலனே 1875 முதல் பதினைந்து ஆண்டுகள் இணை உறுப்பினராகவே இருந்தார். இதில் ஒரு முரண் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீர்வண்ணம் என்பது நடுத்தர வர்க்கத்து இளம்பெண்கள் பியானோவோடும் பிரெஞ்சு மொழியோடும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும் கலையாக இருந்தது. எண்ணெய் வண்ணத்துக்குத் தனி அறை வேண்டும், டர்பன்டைன் நெடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், பெரிய சட்டம் வேண்டும். நீர்வண்ணத்துக்கோ ஒரு சிறு பெட்டியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் போதும். வின்சர் அண்ட் நியூட்டன் போன்ற நிறுவனங்கள் 1830களில் ஈரப்பதம் குன்றாத வண்ணக் கட்டிகளைச் சிறு கிண்ணங்களில் அடைத்து விற்கத் தொடங்கியதும், வெளியில் அமர்ந்து வரைவது இன்னும் எளிதாயிற்று. எண்ணெய் ஓவியத்துக்கு ஒரு படி கீழே வைத்து எண்ணப்பட்டதால்தான் நீர்வண்ணத்தில் பெண்கள் நுழைவதை யாரும் பெரிதாகத் தடுக்கவில்லை. ஆனால் அதைப் பொழுதுபோக்காகக் கொள்வது வேறு, அதைக் கொண்டு வாடகை கட்டுவது வேறு. அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த தூரத்தை ஹெலன் எப்படிக் கடந்தார் என்பதை அறிய அவருடைய சித்தியிடமிருந்து தொடங்க வேண்டும்.

லாரா ஹெர்ஃபர்டு ஹெலனின் தாய்வழிச் சித்தி. 1859இல் இங்கிலாந்தின் முதன்மைக் கலைக்கழகமான ராயல் அகாடமியின் ஆண்டு விருந்தில் பேசிய லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு, அகாடமிப் பள்ளிகளின் பயன் மகாராணியின் குடிமக்கள் அனைவருக்கும் கிடைக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பள்ளிகளில் அப்போது ஒரு பெண்கூடப் படிக்கவில்லை. லாரா அந்தப் பேச்சை அவர்களுக்கே நினைவூட்டினார். பிறகு, நுழைவுக்குரிய வரைபடங்களை முழுப்பெயர் எழுதாமல் முதலெழுத்தையும் குடும்பப் பெயரையும் மட்டும் குறித்து அனுப்பினார். தேர்வானதாகப் பதில் வந்தது; அதில் 'திருவாளர்' என்றே விளித்திருந்தார்கள். விண்ணப்பித்தவர் ஒரு பெண் என்று தெரியவந்தபோது விதிகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று யாருக்குமே தோன்றியிருக்கவில்லை போலும். இவ்வாறு 1860இல் லாரா அகாடமிப் பள்ளிகளில் சேர்ந்த முதல் பெண்ணானார். ஏழு ஆண்டுகள் கழித்து அதே பள்ளியில் ஹெலன் சேர்ந்தார்.

அந்த ஏழு ஆண்டுகளுக்குள் ஹெலனின் குடும்பம் ஒரு பேரிழப்பைச் சந்தித்திருந்தது. அவர் 1848 செப்டம்பர் 26 அன்று டெர்பிஷயரிலுள்ள ஸ்வாட்லின்கோட்டில், மருத்துவர் அலெக்சாண்டர் ஹென்றி பாட்டர்சனின் ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் செஷயரின் ஆல்ட்ரிங்ஹாமுக்குக் குடிபெயர்ந்தது. 1862இல் அங்கே தொண்டை அடைப்பான் நோய் பரவியது. நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த தந்தைக்கும் அந்த நோய் தொற்றியது. அவரும் மூன்று வயது மகள் இசபெல்லும் அதற்குப் பலியானார்கள். மீதமிருந்தவர்கள் தந்தைவழி உறவினரின் ஆதரவை நாடி பர்மிங்ஹாம் சென்றார்கள். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்த மூத்த மகளுக்கு ஓவியம் வெறும் அழகுக்கலையாக மட்டும் இருந்திருக்க முடியாது. பர்மிங்ஹாம் வடிவமைப்புப் பள்ளியில் பயின்றபின் அவர் லண்டன் வந்தார்.

அகாடமிப் பள்ளியில் பெண்கள் சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரையலாம், ஆடை உடுத்திய மாதிரிகளைப் பார்த்தும் வரையலாம். ஆடையற்ற உடலை வரையும் வகுப்பில் அவர்களுக்கு இடமில்லை. 1890களில்தான், அதுவும் இடுப்பை மறைத்த மாதிரியை வைத்து, அந்த வாய்ப்பு வந்தது. வரலாற்று ஓவியம், புராண ஓவியம் என்று அகாடமி உயர்வாக மதித்த வகைகளுக்கெல்லாம் அந்தப் பயிற்சிதான் அடிப்படை. அந்த வகைகள் பெண்களுக்கு எட்டாமல் போனதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஹெலனுக்கோ சம்பாதிக்க வேண்டிய அவசரமும் இருந்தது. படிப்பு முடியக் காத்திராமல் அவர் பத்திரிகைகளுக்கு விளக்கப்படம் வரையத் தொடங்கினார்.

அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று பார்த்தால் அவர் பெற்ற பயிற்சி எத்தகையது என்பது விளங்கும். பாக்ஸ்வுட் எனப்படும் இறுகிய மரத்தின் குறுக்கு வெட்டில், மெல்லிய வெள்ளைப் பூச்சின் மேல் ஓவியர் படத்தை வரைவார். அச்சில் இடவலம் மாறும் என்பதால் கட்டையின் மேல் இடவலம் மாற்றியே எண்ணிப் பார்த்து வரைய வேண்டும். அந்த மரம் பெருத்து வளராது. ஆகவே பெரிய படங்களுக்குப் பல சிறு துண்டுகளைத் திருகாணியால் பிணைத்து ஒரே கட்டையாக்குவார்கள். வரைந்து முடிந்ததும் துண்டுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு செதுக்குநரிடம் கொடுத்து, இரவோடு இரவாக வெட்டி, மீண்டும் பிணைத்து அச்சுக்கு அனுப்புவார்கள். செதுக்கும்போது ஓவியர் கட்டையில் வரைந்த படம் அழிந்துபோய்விடும். மூலப்படம் என்று எதுவும் மிஞ்சாது. எது கோடாக நிற்க வேண்டும், எது வெள்ளையாக விடப்பட வேண்டும் என்பதைக் கட்டையில் கை வைக்கும் முன்பே தீர்மானித்தாக வேண்டும். வெள்ளையை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் இந்தப் பழக்கம் நீர்வண்ணத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வில்லியம் லூசன் தாமஸ் 1869 டிசம்பரில் தொடங்கிய 'தி கிராபிக்' வார இதழ், 1870இல் ஹெலனை வேலைக்கு அமர்த்தியது. லூக் ஃபில்ட்ஸ், ஹூபர்ட் ஹெர்கோமர் போன்றோர் வரைந்துகொண்டிருந்த அந்த இதழின் தொடக்ககால ஓவியர் குழுவில் அவர் ஒருவரே பெண். அந்த இதழின் மரச்செதுக்குப் படங்களைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு நெதர்லாந்தில் இருந்த ஒரு வறிய இளைஞர் தேடித்தேடிச் சேகரித்தார். அவர் வின்சென்ட் வான் கோ; ஹெலன் பாட்டர்சனின் பெயரும் அவர் கடிதங்களில் இடம்பெறுகிறது.

1874இல் 'கார்ன்ஹில் மேகசின்' தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்' நாவலைத் தொடராக வெளியிட்டது. அதன் பன்னிரண்டு முழுப்பக்கப் படங்களை வரையும் பணி ஹெலனுக்குக் கிடைத்தது. உழவர்களின் மேலங்கி, முழங்கால் உறை, மேய்ப்பரின் கொக்கிக்கோல், ஆடு குளிப்பாட்டும் குளம் முதலியவற்றைத் தேவையானால் தானே வரைந்து அனுப்புவதாகப் பதிப்பகத்துக்கு ஹார்டி எழுதியிருந்தார். நகரத்து ஓவியர் பட்டிக்காட்டு விவரங்களில் தவறிவிடுவார் என்ற கவலை அவருக்கு. வந்த படங்களோ அவரை மிகவும் நிறைவடையச் செய்தன. தனக்குக் கிடைத்த விளக்கப்பட ஓவியர்களில் சிறந்தவர் அவரே என்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நண்பருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது: இருவருக்கும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் திருமணம் நடந்தது, ஆனால் ஒருவரையொருவர் அல்ல என்று கிழவர் குறும்பாகக் குறிப்பிடுகிறார். ஹெலனின் திருமணம் 1874 ஆகஸ்ட் 22. ஹார்டியின் திருமணம் அதற்கு ஒரு மாதம்கூட ஆகாத செப்டம்பர் 17. முதுமையில் ஹெலனை எண்ணி ஹார்டி ஒரு கவிதையும் எழுதினார். இதைக் காதல் கதையாக ஊதிப் பெருக்குவோர் உண்டு. ஹெலன் தரப்பில் அப்படி எதையும் காட்டும் சான்று இல்லை என்பதால் இத்தோடு விட்டுவிடலாம்.

அவர் மணந்துகொண்டது அயர்லாந்தின் பாலிஷானனில் பிறந்த வில்லியம் அல்லிங்ஹாமை. மணமகளுக்கு வயது 25, மணமகனுக்கு 50. வில்லியம் 'ஃப்ரேசர்ஸ் மேகசின்' ஆசிரியர். கவிஞர்கள் டென்னிசன், பிரவுனிங், எழுத்தாளர் கார்லைல், கலை விமர்சகர் ரஸ்கின் ஆகியோருடன் நெருங்கிப் பழகியவர். மணமானதும் இருவரும் கார்லைலின் வீட்டுக்கு நடந்துபோகும் தொலைவில் லண்டனின் செல்சியில் குடியேறினார்கள். ஹெலன் கிராபிக் வேலையை விட்டார். ஆனால் வரைவதை விடவில்லை. திருமணத்தோடு தொழிலை முடித்துக்கொள்வது அக்காலத்துப் பெண் ஓவியர்களிடம் வழக்கமாக இருந்தது. இவருக்கோ அது பத்திரிகை அவசரத்திலிருந்து விடுபட்டு நீர்வண்ணத்தில் முழுமையாக இறங்கும் வாய்ப்பாயிற்று. மணமான பெண் தன் உழைப்பால் ஈட்டும் பணம் அவளுக்கே உரியது என்று 1870ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் சொல்லியிருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய காலமாக இருந்திருந்தால் அவர் விற்ற ஒவ்வொரு படத்தின் விலையும் சட்டப்படி கணவரின் கைக்கே போயிருக்கும். 1879இல் வில்லியம் ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகியபின், அவருக்கு அரசு அளித்துவந்த சிறு உதவித்தொகையை விட்டால் வேறு நிலையான வருமானம் இல்லை.

1875இல் சங்கத்தின் கண்காட்சியில் வைக்கப்பட்ட 'இளம் வாடிக்கையாளர்கள்' என்ற படம்தான் ஹெலனுக்குப் பெயர் வாங்கித் தந்தது. சிறுவர் கதை ஒன்றுக்காக மரக்கட்டையில் வரைந்த காட்சியை அவர் நீர்வண்ணத்தில் மீண்டும் தீட்டியிருந்தார்: கடைக்குப் பொருள் வாங்க வந்து நிற்கும் இரு சிறுமிகள், அவ்வளவுதான். அந்த ஆண்டுக் கண்காட்சியில் தன் நினைவில் தங்கிய ஒரே படம் இதுதான் என்று ரஸ்கின் எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் கெயின்ஸ்பரோவாக இருந்தால் தன் ஓவியங்களில் ஒன்றையே இதற்கு மாற்றாகக் கொடுத்திருப்பார் என்றும் சொன்னார். 1883இல் ஆக்ஸ்ஃபர்டில் ஆற்றிய உரைகளில் ஒன்றை ஹெலனுக்கும் அவருடைய தோழியும் சிறுவர் நூல் ஓவியருமான கேட் கிரீனவேக்கும் ஒதுக்கினார். ரஸ்கினின் புகழ்ச்சி படங்களுக்கு விலையை ஏற்றித் தந்தது. கூடவே 'குழந்தைகளின் ஓவியர்' என்ற முத்திரையையும் குத்திவிட்டது. செல்சி ஆண்டுகளில் ஹெலன் தீட்டிய கார்லைல் உருவப்படங்கள் அந்த முத்திரைக்குள் அடங்காதவை. நீண்ட அங்கியோடு நாற்காலியில் புத்தகமும் கையுமாக அமர்ந்திருக்கும் அந்த முதியவரின் படங்களில் சலுகையும் இல்லை, இனிப்பும் இல்லை. விற்பனைக்கென்று தீட்டிய பலவற்றை விட இவையே ஹெலனின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதைக் காட்டுகின்றன என்பது என் கருத்து.

1881 பிப்ரவரியில் கார்லைல் இறந்தார். அதே ஆண்டு அல்லிங்ஹாம் குடும்பம் சர்ரேயில் விட்லிக்கு அருகிலுள்ள சாண்ட்ஹில்ஸ் என்ற சிற்றூருக்குக் குடிபோயிற்று. அங்கேதான் ஹெலன் 'காட்டேஜ்' வீடுகளை வரையத் தொடங்கினார். இந்தச் சொல்லைக் குடிசை என்று பெயர்த்தால் நம் மனத்தில் எழும் சித்திரம் பொருந்தாது. அவை மரச்சட்டங்களுக்கு இடையே செங்கல்லும் சாந்தும் நிரப்பி, மேல்மாடிச் சுவரில் மழைக்குத் தடுப்பாக ஓடுகளை மீன்செதில்போல் அடுக்கி, கூரையை ஓட்டாலோ வைக்கோலாலோ வேய்ந்து, பல தலைமுறை நின்ற உழவர் வீடுகள். சாளரங்களில் ஈயச் சட்டத்துக்குள் சிறு சிறு சாய்சதுரக் கண்ணாடிகள் பதித்திருக்கும்.

அந்த வீடுகள் அப்போது வேகமாக மறைந்துகொண்டிருந்தன. 1870களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க தானியம் மலிவாக வந்து குவிந்ததால் ஆங்கிலேய வேளாண்மை படுத்துவிட்டது. கூலியாட்கள் நகரங்களுக்குப் போனார்கள். மறுபக்கம், 1859இல் திறக்கப்பட்ட போர்ட்ஸ்மத் இரயில்பாதை விட்லியை லண்டனுக்கு அருகில் கொண்டுவந்துவிட்டது. ஓவியர் பர்கெட் ஃபாஸ்டர் அங்கே வீடு கட்டிக் குடியிருந்தார். நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் 1876இல் கோடைக்கால வீடு வாங்கினார். பணம் படைத்தவர்கள் பழைய வீடுகளை வாங்கி, சாய்சதுரச் சாளரங்களைப் பெயர்த்துப் பெரிய கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். வைக்கோல் கூரையைக் கழித்து ஸ்லேட் பலகை போட்டார்கள். சிலவற்றை இடித்தே போட்டார்கள். 1886இல் லண்டன் நியூ பாண்ட் தெருவில் அப்போது இருந்த ஃபைன் ஆர்ட் சொசைட்டி என்ற ஓவிய விற்பனைக்கூடம் ஹெலனின் 'சர்ரே காட்டேஜ்கள்' கண்காட்சியை நடத்தியபோது, படங்கள் தீட்டப்பட்டு மாதக்கணக்கே ஆகியிருந்த நிலையிலும் அவற்றிலுள்ள வீடுகள் சில முற்றாக மாற்றியமைக்கப்பட்டுவிட்டன, சில இல்லாமலே போய்விட்டன என்று அதன் முன்னுரை சொன்னது. பழைய கட்டடங்களைக் காக்க வடிவமைப்பாளரும் எழுத்தாளருமான வில்லியம் மாரிஸ் சங்கம் அமைத்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. தேவாலயங்களைக் காக்கக் குரல் எழுந்த அளவுக்கு உழவர் வீடுகளுக்கு எழவில்லை.

ஆனால் ஹெலனின் படங்களை அப்படியே ஆவணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு வீட்டில் புதுச் சாளரம் வந்திருந்தால், அதே பகுதியில் வேறொரு வீட்டில் பார்த்துக் குறித்து வைத்திருந்த பழைய சாளரத்தைத் தன் படத்தில் அதற்குப் பொருத்திவிடுவார். கூரைக்கும் அவ்வாறே. வாசலில் நிற்கும் வெள்ளை ஏப்ரன் அணிந்த பெண்களும் குழந்தைகளும் பெரும்பாலும் பின்னர் சேர்க்கப்பட்டவர்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகளே சிலவற்றுக்கு மாதிரியாக நின்றிருக்கிறார்கள். அந்த வீடுகளுக்குள் ஈரச் சுவரும் ஒழுகும் கூரையும் நெருக்கடியும் இருந்ததை அக்கால அரசு விசாரணைகளே பதிவு செய்தன. அவற்றில் குடியிருந்த வேளாண் கூலிகளில் பெரும்பாலோர்க்கு வாக்குரிமை கிடைத்ததே 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். இவற்றில் எதுவும் படங்களில் தெரியாது. வாங்கியவர்கள் நகரத்துச் செல்வர்கள். தங்கள் வகுப்பாரின் வருகையால் அழிந்துகொண்டிருந்த ஒன்றின் இனிய நினைவைத்தான் அவர்கள் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். ஹெலனும் சந்தையை அறிந்தவர். வாசலில் பெண், கையில் குழந்தை, அருகில் பூனை என்ற அமைப்பு இருபதாவது படத்தில் சலிப்பூட்டத்தான் செய்கிறது. எனினும் அந்த மனிதர்களை விரலால் மறைத்துவிட்டுச் சுவரையும் தோட்டத்தையும் மட்டும் பார்த்தால், முற்றிலும் வேறான ஓவியர் ஒருவர் வெளிப்படுவார்.

அந்தச் சுவர்களை அவர் தீட்டிய விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தெளிந்த நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனி வண்ணம் கிடையாது; தாளின் வெண்மைதான் வெளிச்சம். 1834இல் சந்தைக்கு வந்த சைனீஸ் ஒயிட் என்ற அடர்வெள்ளையைக் கலந்து வெளிச்சத்தை மேலே வைப்பவர்கள் இருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரரான பர்கெட் ஃபாஸ்டர் அம்முறையில் நுண்புள்ளிகளாக வைத்து இழைப்பவர். ஹெலன் பெரும்பாலும் அதைத் தவிர்த்தார். கோபால்ட் நீலம், ரோஸ் மேடர், மஞ்சள் காவி, செபியா என்று சில வண்ணங்களே அவருடைய தட்டில் இருந்தன. முதலில் வண்ணத்தை ஏற்றுவார். பிறகு அதை எடுப்பார். கடினமான தூரிகையால் தேய்ப்பார், ஈரப் பஞ்சால் ஒற்றி எடுப்பார், கத்தி முனையால் தாளின் மேல்தோலைச் சுரண்டுவார். ஓட்டின் விளிம்பில் மின்னும் ஒளிக்கீற்றும், வேலியோரப் புல்லின் ஒவ்வொரு இதழும் இப்படிச் சுரண்டி வந்த வெண்மை. மரக்கட்டையில் வெள்ளையை ஒதுக்கப் பழகிய கைக்கு இது புதிதாக இருந்திருக்காது. கெர்ட்ரூட் ஜீகில் வளர்த்த மன்ஸ்டெட் வுட் தோட்டத்தை அவர் தீட்டிய படத்தில், உயரமான பூச்செடிகளின் வண்ணங்கள் ஒன்றில் ஒன்று உருகி நிற்பதைக் காணலாம். செடிகளை வண்ண வரிசையாக நட்ட அந்தத் தோட்டக்கலைஞரின் எண்ணம் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் பிடிபடாது. ஹெலனின் தாளில் பிடிபடுகிறது.

1888இல் வில்லியமின் உடல்நலத்தை முன்னிட்டுக் குடும்பம் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட்டுக்குத் திரும்பியது. மறு ஆண்டு அவர் இறந்தார். அவருடைய சாம்பல் பாலிஷானனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதன்பின் ஹெலன் இரயிலில் சர்ரே, கென்ட் என்று போய்த் தீட்டிவந்து, ஃபைன் ஆர்ட் சொசைட்டியில் தொடர்ந்து கண்காட்சி வைத்தார். அந்நிறுவனத்தின் மார்கஸ் ஹூயிஷ் எழுதிய உரையோடு 1903இல் வெளிவந்த 'ஹேப்பி இங்கிலாந்து' (மகிழ்ச்சியான இங்கிலாந்து) என்ற நூல், அப்போது புதிதாகப் பரவிவந்த மூவண்ண அச்சு முறையில் அவருடைய படங்களைப் பல வீடுகளுக்குக் கொண்டுசென்றது. தலைப்பே படங்களின் பொருளை முன்கூட்டித் தீர்த்துவிட்டது. அவருடைய புகழ் சுருங்கியதற்கும் அதுவே ஒரு காரணம். வெனிஸிலும் சில படங்கள் தீட்டினார். அவை ஆங்கிலக் கிராமங்கள் அளவுக்கு வாங்குவோரை ஈர்க்கவில்லை. 1905இல் டென்னிசன் வாழ்ந்த இடங்களைப் பற்றிய நூல் தம்பி ஆர்தர் பாட்டர்சனின் உரையோடு வந்தது.

1907இல் அவர் கவிஞர் டாலி ராட்ஃபர்டோடு சேர்ந்து கணவரின் நாட்குறிப்பைப் பதிப்பித்தார். கார்லைலும் டென்னிசனும் சமையலறைப் பேச்சுவரை உயிரோடு நடமாடும் அந்த நூல்தான் இன்று வில்லியம் அல்லிங்ஹாமின் கவிதைகளை விட அதிகமாக மேற்கோள் காட்டப்படுகிறது. ஹெலனோ கடைசிவரை தீட்டிக்கொண்டிருந்தார். 1926 செப்டம்பர் 28 அன்று, 78ஆம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், ஹேஸில்மியருக்கு அருகில் வேல்வுட்டில் ஒரு நட்பு வீட்டுக்கு வந்திருந்தபோது அவர் காலமானார். பல ஆண்டுகளுக்கு முன்பு அவர் மடக்கு நாற்காலியோடு வந்தமர்ந்து பண்ணைவீடு ஒன்றைத் தீட்டியதும் அதே வேல்வுட்டில்தான்.